ஏப்ரல் இல்லாத பத்து மாதம்

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்லும் சாக்குகளில் மொத்தம் பதினாறு வகைதான் உண்டு என்று லுபோர் ஷிமெக் வாத்தியார் அடித்துச் சொல்வார். செக்கோஸ்லோவாகியாவில் ஓட்டவா ஆற்றங்கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் செக் மொழியும் சரித்திரமும் நடத்தியவர். அவர் கேட்காத சாக்கு பாக்கி இல்லை. நோட்டு ஆற்றில் விழுந்தது, அத்தைக்குக் கால் முறிந்தது, அடுப்பு பற்றவைக்க அப்பா தெரியாமல் கிழித்துவிட்டார். ஒரு பெண் வாத்து தின்றுவிட்டது என்றாள். விசாரித்துப் பார்த்தால், பாவம், அது நிஜமாகவே நடந்திருந்தது.

வாத்தியார் யாரையும் அடித்ததில்லை. நாள் கழித்து வந்த நோட்டையும் வாங்கித் திருத்துவார். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் "தாமதம். ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போடுவார். எழுதாமலே இருப்பதைவிட நாள் கழித்து எழுதுவது மேல் என்பது அவர் கட்சி. அந்த ஊரில் நாற்பது வயதுக்குள் இருக்கிற பாதிப் பேர் வீட்டுப் பரணில் அந்தச் சிவப்பு எழுத்து இருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்டில் ரஷ்ய டாங்கிகள் ஊருக்குள் வந்தன. இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொரு வாத்தியாரையும் கட்சிக்காரர்கள் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். கேள்வி என்ன கேள்வி, பதிலையும் அவர்களே காகிதத்தில் அடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் அழைத்ததால்தான் சகோதரர்கள் உதவிக்கு வந்தார்கள் என்று வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். முதலில் சொன்னவர் ஹெட்மாஸ்டர் ஹ்ருபெஷ். அப்புறம் பத்துப் பேர் வரிசையாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது ஆள் ஷிமெக்.

"நான் யாரையும் கூப்பிடலைங்க. அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல, காளான் பொறுக்கப் போயிருந்தேன்" என்றார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவர் ஊர் நீச்சல்குளத்தின் கொதிகலன் அறையில் கரி அள்ளிக்கொண்டிருந்தார். நூலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி விளாஸ்தாவை ஊறுகாய் ஆலைக்கு அனுப்பினார்கள். மகள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள். படிப்பில் கெட்டிதான், ஆனால் அப்பன் காளான் பொறுக்கியவன் ஆயிற்றே. அவள் இப்போது டிராம் ஓட்டுகிறாள். இதை நினைத்தால்தான் வாத்தியாருக்கு வயிறு எரியும். மற்றதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொதிகலனுக்கு ஒரு முறை கரி போட்டால் நாற்பத்தைந்து நிமிஷம் தாங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் நாற்பத்தைந்து நிமிஷம். பழகின உடம்பு, மணி அடித்த மாதிரி தானாக எழுந்து கரி போடும், உட்காரும். நடுவில் என்ன செய்வது? கோடு போட்ட நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூடத்துப் பியூன் அங்கே நடக்கும் கூத்தையெல்லாம் சொல்கிற மாதிரிக் கதை. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறதிலிருந்து ஜூனில் மூடுகிறது வரைக்கும் மாதத்துக்கு ஓர் அத்தியாயம். 'பத்து மாதம்' என்று பெயர் வைத்தார். வகுப்பில் அவர் அத்தனை சிரிப்புக் காட்டியவர் இல்லை. எழுதும்போது எங்கிருந்துதான் வந்ததோ, விளாஸ்தா தட்டச்சு அடிக்கும்போது சிரித்துச் சிரித்து எழுத்தைத் தப்பாக அடித்தாள்.

ஏப்ரல் அத்தியாயம்தான் புத்தகத்துக்கே உயிர். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் வந்து பார்த்தால், ஆசிரியர் அறையில் ஒரு ராட்சச அலமாரி நிற்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலை மறைக்கிறது, கதவு பாதிதான் திறக்கிறது, டீ போடப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். அலமாரிக்குள் ஒன்றுமே இல்லை. யார் வைக்கச் சொன்னது என்று கேட்டால், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஹெட்மாஸ்டர் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, ஒரு முனையை நானே தூக்கிக் கொடுத்தேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பாட்டு வாத்தியார் ஒருத்தர் மட்டும், நான் கூப்பிடவில்லை, எனக்கு அலமாரியே பிடிக்காது, துணியை நாற்காலியில் போடுகிறவன் நான் என்கிறார். அவர் வேலை போகிறது. அலமாரி நிற்கிறது.

ஷிமெக் பெயரில் ஒரு வரியும் அச்சாகாது என்பது ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் எழுதக் கூடாதவர்களுக்குத் தங்கள் பெயரை இரவல் கொடுக்கிற மனிதர்கள் அங்கங்கே இருந்தார்கள். வாத்தியாருக்கு வாய்த்தவர் மாட்டு டாக்டர் சிரில் பார்தோன். சின்ன வயதிலிருந்து கூட்டாளி, கன்றை இழுத்துப் போடுகிற கை, எலுமிச்சம்பழ அளவு மூக்கு. அவர் வாழ்நாளில் ஒரு கதைப் புத்தகத்தை முழுசாகப் படித்ததில்லை. ஆனாலும் கேட்ட உடனே சரி என்றார். தலைநகர் பிராகாவிலிருக்கிற பதிப்பகத்துக்குப் புத்தகம் அவர் பெயரில் போயிற்று. அங்கே எடிட்டராக இருந்த குபாதோவா அம்மாளுக்குப் பிடித்துப்போய், அடுத்த வருஷ வெளியீட்டுத் திட்டத்திலும் சேர்த்துவிட்டாள்.

டிசம்பரில் டாக்டரைப் பிராகாவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பிவந்த மறுநாள் மத்தியானம் நேராகக் கொதிகலன் அறைக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஒன்பது மாதத்துக்கும் மேலிடத்தில் ஆட்சேபணை இல்லையாம். ஏப்ரல் கூடாதாம். அதற்குப் பதிலாக வேறு ஏப்ரல் எழுதித் தர வேண்டும், பிள்ளைகள் லிண்டன் மரக்கன்று நடுகிற மாதிரி நல்லதாக ஒன்று. ஜனவரி முடிவுக்குள் வராவிட்டால் புத்தகத்தையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

"யோவ் வாத்தியாரே, பத்துப் பக்கம்யா. மரம் நடுற கதை. உனக்கு ஒரு சாயங்கால வேலை" என்றார் டாக்டர்.

ஷிமெக் ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயம் வைத்து நண்பருக்குக் கொடுத்தார். யோசிக்கிறேன் என்றார். உண்மையாகவே யோசிக்கவும் செய்தார். ஏழெட்டு வருஷம் கரி அள்ளின பிறகு ஒரு புத்தகம். அவர் பெயர் இருக்காதுதான், அதனால் என்ன, கடையில் இருக்கும், கையில் எடுக்கலாம். மறுநாள் ஷிப்ட்டில் மூன்று பீரியடில் மரக்கன்று அத்தியாயத்தை எழுதியே முடித்துவிட்டார்.

இதுதான் வம்பாகப் போயிற்று. எழுதினது மோசமாக இருந்திருந்தால் கவலையில்லை. பிரமாதமாக வந்திருந்தது. கன்றைத் தலைகீழாக நட்டுவிட்டுப் பியூன் முழிக்கிற இடத்தில் எழுதினவருக்கே சிரிப்பு வந்தது. திரும்ப ஒரு முறை படித்தார். இது உள்ளே போய்விட்டால், ஏப்ரலில் வேறு ஒன்று இருந்தது என்று ஒரு ஈ காக்காய்க்கும் சந்தேகம் வராது. அத்தனை கச்சிதமாக ஓட்டையை அடைத்திருந்தார். அந்த அறையில் பதினோரு பேர் சொன்ன பதிலைத் தானும் இப்போது வேறு விதமாக எழுதிக் கொடுக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கொதிகலன் கதவைத் திறந்து பத்துப் பக்கத்தையும் உள்ளே போட்டார். மேலே ஒரு மண்வெட்டி கரியும் போட்டார்.

வீட்டுக்கு வந்து விளாஸ்தாவிடம் சொன்னார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் பேர் கூடாதுன்னாங்க, விட்டுக் கொடுத்துட்ட. ஒரு வார்த்தை வருத்தப்படல. பத்துப் பக்கத்துக்கா இப்படி நிக்கிற?"

"பேரு எங்கப்பா வச்சது, விளாஸ்தா. போனா போகட்டும். ஏப்ரல் நான் செஞ்சது. அதை வேணும்னா எடுத்துக்கட்டும், தடுக்க முடியாது. எடுத்த இடத்தை மூடி மெழுகித் தர என்னால ஆகாது."

"புத்தகமே வராமப் போகும்."

"போகலாம்" என்றார்.

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, முடியாது என்று எழுதி அனுப்பினால் நாளைக்கே திட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள், அதனால் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்றாள். நூலகத்தில் இருந்தவள் இல்லையா, பதிப்பகம் நடக்கிற விதம் அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் தேதி ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே குறித்துவிடுவார்கள். அந்தத் தேதிக்கு ஏதாவது ஒரு புத்தகம் மெஷினில் ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் நிறைவேறவில்லை என்று மேலிடத்துக்கே மேலிடம் கேட்கும். அதுவரைக்கும் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று இழுத்தால் போதும்.

இழுப்பதற்கு வாத்தியாரைவிடத் தோதான ஆள் அந்தக் குடியரசில் எங்கே கிடைப்பார்? பதினாறு வகையும் கைவசம் இருந்தது. இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவர், முதல் முறையாகச் சொல்லுகிற பக்கத்துக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல, டாக்டர் தன் கையெழுத்தில் எழுதி அனுப்பினார். ஜனவரியில் கை சுளுக்கிக்கொண்டது. பிப்ரவரியில் அத்தை காலை முறித்துக்கொண்டாள். மார்ச்சில் மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிற வேலை, மூச்சு விட நேரமில்லை. நாலாவது கடிதத்தில், பாதி எழுதினது ஆற்றோடு போயிற்று. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், ஏப்ரல் அடுத்த வாரம் நிச்சயம் என்று இருக்கும்.

ஐந்தாவது கடிதத்தில் டாக்டர் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார். அத்தியாயத்தை எழுதி முடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன், தொழுவத்தில் ஒரு கன்றுக்குட்டி தின்றுவிட்டது என்று எழுதினார். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் ஆட்டம் முடிந்தது, நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்து பதிப்பகத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று இரண்டு வாரம் சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம் குபாதோவா அம்மாளிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. "மதிப்புக்குரிய டாக்டர், நடந்ததை மேலிடத்தில் தெரிவித்துவிட்டேன். கன்றுக்குட்டி நலமா?"

அந்த அம்மாளும் இந்தப் பக்கம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வாத்தியார் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கண் தண்ணீர் வரச் சிரித்தார். விளாஸ்தா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே தானும் சிரித்தாள். எட்டு வருஷத்தில் அந்தச் சமையலறையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை.

அச்சகத் தேதி வந்தது. ஏப்ரல் வரவில்லை. மேலிடத்தில் குதி குதி என்று குதித்தார்களாம். அதற்குப் பதிலாக மெஷினில் ஏற்ற வேறு புத்தகம் தயாராக இல்லை. கடைசியில், ஒன்பதோடு போகட்டும், பின்னால் இருக்கிற பொருளடக்கப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு, எவன் உட்கார்ந்து எண்ணப் போகிறான் என்று உத்தரவாயிற்று. மேலட்டை வேறோர் அச்சகத்தில் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே அடித்துத் தயாராகக் கிடந்தது. அதில் தடித்த எழுத்தில் 'பத்து மாதம்' என்று இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

புதுப் புத்தகங்கள் வியாழக்கிழமைதான் கடைக்கு வரும். வியாழன் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் வரிசை நிற்கும். இறைச்சிக்கு நிற்கிற அதே ஆட்கள், அதே பைகள். எழுபத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, ஷிமெக்கும் விளாஸ்தாவும் இருபதாவது, இருபத்தோராவது ஆளாக நின்றார்கள். வாத்தியார் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி டை கட்டியிருந்தார். கரி அள்ளுகிறவனுக்கு டை எதற்கு என்று விளாஸ்தா காதோடு கேட்டதற்கு, பேசாமல் நில் என்றார்.

முதலில் வாங்கினவர் தபால்காரர். படியிலேயே நின்று புரட்டினார். மார்ச் வந்தது, அடுத்து மே வந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். வரிசையைப் பார்த்து, ஏப்ரலைக் காணோம் என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஜனங்களுக்கு எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைப் படிக்கத்தான் பழக்கம். ஒரு மாதமே காணாமல் போயிருக்கிறது என்றால் அதில் எப்பேர்ப்பட்ட சங்கதி இருந்திருக்கும்! ஒன்று வாங்க வந்தவர்கள் இரண்டு கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரி ஆளுக்கு ஒன்றுதான் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கரிக்கார அம்மாள் ஒரு பக்கம் படித்துவிட்டுத் தனக்குள் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நம்ம மாட்டு டாக்டரா இதை எழுதினாரு? என் பசுவுக்கு எழுதின மருந்துச் சீட்டுல நாலு வரிக்கு ஒன்பது தப்பு."

அவள் ஷிமெக்கிடம் படித்தவள். வரிசையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எல்லாரும் இருபதாவது ஆளின் டையைப் பார்த்தார்கள். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை மெதுவாக ஒதுங்கியது. முன்னால் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கு ஓர் அடி தள்ளி நின்று வழி விட்டார்கள். வாத்தியார் முகம் சிவந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தார். விளாஸ்தா அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து நீச்சல்குளத்துக்குப் போகிறவர்களுக்குக் கொதிகலன் அறையில் ஏதாவது வேலை இருந்தது. இன்றைக்குத் தண்ணீர் சூடு எப்படி என்று கேட்டுக்கொண்டு தபால்காரர் இறங்கி வந்தார். குளியல் தொப்பியோடு பேக்கரி அம்மாள் வந்தாள். கையில் துண்டுக்குள் சுற்றிய புத்தகம். யாரும் எதையும் கேட்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். வாத்தியாரும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு, மெல்லிய தாளில் அடித்து மடித்த ஏப்ரலை மார்ச்சுக்கும் மேக்கும் நடுவில் செருகிக் கொடுத்தார். விளாஸ்தா கார்பன் வைத்து ஒரு தடவைக்கு எட்டுப் பிரதி அடித்தாள். எட்டாவது பிரதி வெளுத்துப்போய்ப் பாதி தெரியாது, அதைச் சொந்தக்காரர்களுக்கு ஒதுக்கினார்கள்.

நவம்பரில் ஒரு பத்து மணிக்கு, இரும்புப் படியில் நல்ல தோல் பூட்ஸ் சத்தம் கேட்டது. குளிக்க வருகிறவர்கள் அப்படிப்பட்ட பூட்ஸில் வருவதில்லை. ஷிமெக் நிமிர்ந்து பார்த்தார். ஹெட்மாஸ்டர் ஹ்ருபெஷ். கோட்டில் கட்சிச் சின்னம், கையில் தொப்பி, கக்கத்தில் புத்தகம்.

மேஜை இழுப்பறையில் ஐந்து பிரதி இருந்தது. இந்த ஆள் ஒரு போன் போட்டால் போதும். கொதிகலன் வேலையும் போகும், டாக்டர் வேலையும் போகும், குபாதோவா அம்மாளையும் விட மாட்டார்கள். விளாஸ்தா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள், ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் கொடு, அந்த ஆளுக்கு மட்டும் கொடுக்காதே என்று.

ஹ்ருபெஷ் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் தோழர் ஷிமெக் என்றவர், இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லுபோர், எனக்கும் ஒரு ஏப்ரல் இருக்குமா?"

வாத்தியார் அவரைப் பார்த்தார். கிழவனாகிவிட்டிருந்தார் மனிதர். ஏப்ரல் என்று ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. அன்றைக்குக் கையெழுத்துக் கேட்ட அந்த அறையில் பயந்திருந்தால் இன்றைக்கும் பயப்படலாம், அங்கேயே பயப்படவில்லையே. இழுப்பறையைத் திறந்து, எழுத்து நன்றாகத் தெரிகிற முதல் பிரதியையே எடுத்து நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. டீ போடப் போகிறவர்கள் வயிற்றை எக்குகிற இடத்தில் சத்தமாகவே சிரித்தார். நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. கடைசிவரை படித்தார்.

"ஒரு முனையை நான் தூக்கிக் கொடுக்கலை, லுபோர்."

"இல்ல. நீங்க தூக்கலை. அது கதைக்காகச் சேர்த்தது."

ஹ்ருபெஷ் தலையை ஆட்டினார். போகப்போகிறார் என்று நினைத்து வாத்தியார் மண்வெட்டியை எடுத்தார். அவர் போகவில்லை.

"நானும் கூப்பிடலை" என்றார். கொதிகலன் இரைச்சலில் அவ்வளவாகக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். "நான் கூப்பிடலை. ரேடியோ பக்கத்துல உக்காந்து அழுதேன். என் பெண்டாட்டிக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல."

வாத்தியாருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மகள் ஓட்டுகிற டிராம், விளாஸ்தாவின் வினிகர் நாறும் கைகள், எல்லாம் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து இது வந்திருந்தால், பின்னால் நின்ற பத்துப் பேரில் நாலு பேராவது நிமிர்ந்திருப்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தார். எதிரே பார்த்தால், வகுப்பில் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற அதே முகம். சாக்குச் சொல்லக்கூடத் தெரியாமல் நின்றது.

கரிக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். நோட்டுக்குள் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஹெட்மாஸ்டர் கையிலிருந்த தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் "தாமதம். ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டார். எட்டு வருஷத்துக்கு அப்புறம் எழுதியும் அந்தக் கையெழுத்து மாறவில்லை.

ஹ்ருபெஷ் அதை வாசித்தார். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். மார்ச் எங்கே முடிகிறது என்று தேடி, அங்கே வைத்துப் புத்தகத்தை மூடினார்.